ஜோடி கார்டு

சம்பளம் விழுகிற அன்றைக்கு எங்கள் தொழிலாளர் கேம்ப்பில் பாதிப் பேர் ஏ.டி.எம். பக்கமே போகமாட்டோம். போய் என்ன செய்ய, கார்டு எங்கள் கையில் இருந்தால்தானே. துபாய் சோனாப்பூரில் எங்கள் கட்டடத்துக்கு நாலு கட்டடம் தள்ளி ஒரு சூப்பர் மார்க்கெட். அதன் வாசலில் மிஷின். அங்கே மெஸ் நடத்துகிற அண்ணாச்சி ஒருத்தரே நிற்பார், கையில் முப்பது முப்பத்தைந்து கார்டோடு. ஒவ்வொரு கார்டின் முதுகிலும் பிளாஸ்திரி ஒட்டி அதில் பேனாவால் ரகசிய நம்பர் எழுதியிருக்கும். ஒன்றைச் செருகுவார், நம்பரை அழுத்துவார், பணத்தை உருவுவார், அடுத்ததைச் செருகுவார். பின்னால் வரிசையில் நிற்கிற பாகிஸ்தான் பட்டாணிகள் "பாய், ஜல்தி கரோ" என்று கத்துவார்கள். அண்ணாச்சி திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

அவர் கடன் கொடுக்கிற முறை அது. பத்திரம் கிடையாது, செக் கிடையாது. கார்டையும் நம்பரையும் கொடு, பணத்தை வாங்கிக்கொள். நூற்றுக்குப் பத்து, மாதா மாதம். வட்டியையும் மெஸ் காசையும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கையில் கொடுப்பார். அசலை முழுசாகக் கட்டித் தீர்த்தால்தான் கார்டு திரும்பி வரும். இதோடு ஒரு ஜோடியும் வேண்டும். அதாவது நீ கார்டு கொடுத்தால் உன் ஊர்ப்பக்கத்து ஆள் இன்னொருவனும் கார்டு கொடுத்திருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து ஒரே ரப்பர் பேண்டில் போட்டுவிடுவார். ஒருத்தன் ஓடிப்போனால் கடன் மற்றவன் தலையில்.

எனக்கு ஜோடி, கம்பி கட்டுகிற ஓர் அண்ணன். எங்கள் ஊரிலிருந்து மூன்றாவது ஊர் அவருக்கு. மகளை நர்ஸிங் படிக்க வைக்க அவர் முன்னாடியே வாங்கியிருந்தார். நான் வாங்கியது என் மனைவியின் பிரசவத்துக்கு. ஆபரேஷன் பண்ணித்தான் பிள்ளையை எடுக்க வேண்டும், உடனே முப்பதாயிரம் ரூபாய் கட்டு என்று டாக்டர் சொல்லிவிட்டதாகப் போன் வந்தபோது, அரை மணி நேரத்தில் இரண்டாயிரத்து ஐநூறு திர்ஹாமை எண்ணி வைத்தவர் அண்ணாச்சிதான். முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டுதான் கொடுத்தார். ஆனாலும் கொடுத்தார். வேறு யாரும் கொடுக்கவில்லை. அதை இப்போதும் நான் மறுக்க முடியாது.

அப்போது ஓவர்டைம் இருந்தது. ஆயிரத்துக்கு மேல் வரும். அவர் எடுத்தது போகவும் வீட்டுக்கு அனுப்ப முடிந்தது. பிறகு துபாயில் வேலைகள் ஒவ்வொன்றாக நின்றன. கிரேன்கள் அப்படியே நின்றுபோயின. ஓவர்டைம் போய் வெறும் எழுநூற்றைம்பது ஆனது. அண்ணாச்சிக்கு வட்டி இருநூற்றைம்பது, மெஸ்ஸுக்கு இருநூறு. அசலில் ஒரு திர்ஹாம் குறையவில்லை. அதற்குப் பிறகு மூன்று மாதம் கைக்கு ஒன்றுமே வரவில்லை. கேட்டால், "கம்பெனி பாதிச் சம்பளந்தான்டே போட்டிருக்கான், நானே உனக்குச் சோறு சும்மா போட்டுக்கிட்டிருக்கேன்" என்றார். நம்பினேன். மற்றவர்களிடம் கேட்டுப் பார்க்கவும் பயம். அண்ணாச்சியின் காதுக்குப் போய்விடும்.

நான் எட்டாவதோடு நின்றவன். எதைக் கண்டாலும் முதலில் கெட்டதுதான் தோன்றும். செல்போன் அடித்தால் ஊரில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைப்பேன். அன்றைக்கு அடித்தபோது நிஜமாகவே ஆகியிருந்தது.

"மூணு மாசமாச்சுங்க," என்றாள் என் மனைவி. பிள்ளையோடு அவள் அம்மா வீட்டில் இருந்தாள். "எங்க அண்ணி சோத்தப் போடும்போதே கரண்டிய டொக்குன்னு வைக்குது. பிள்ளைக்குச் சளி மருந்து வாங்க அம்மா கிட்டதான் கேக்கணும், அம்மா அண்ணன்ட்ட கேக்கணும், அண்ணன் அண்ணிட்ட கேக்கணும்."

"கம்பெனில சம்பளம் சரியா போடல."

"மேலத்தெருக்காரரும் அங்கதான இருக்காரு? அவருக்கு மட்டும் எப்படி வருது?" அதோடு, "அங்க எவளயும் வச்சிருக்கீங்களா?" என்றாள்.

சிரித்துக்கொண்டு கேட்டிருந்தால் நானும் சிரித்திருப்பேன். அவள் சிரிக்கவில்லை.

"அடுத்த வாரம் சனிக்கெழம வேன் வருது. திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ஆளெடுக்குறாங்க. தங்க எடம், சாப்பாடு எல்லாம் உண்டாம். பிள்ளைய உள்ள விடமாட்டாங்களாம். அம்மாட்ட விட்டுட்டுப் போறேன்."

"இன்னும் பால்குடி மறக்கலயே."

"மறந்துரும். இந்தச் சம்பளம் வந்துச்சுன்னா அண்ணி வாய அடச்சுட்டு இங்கயே கெடப்பேன். வரலன்னா வேன்ல ஏறிருவேன். சொல்லிட்டேன்."

அந்தச் சனிக்கிழமைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. சம்பளம் புதன்கிழமை விழும். அது அண்ணாச்சியின் கைக்குப் போகாமல் என் கைக்கு வர வேண்டும். வேறு எதுவும் எனக்கு அப்போது உலகத்தில் இல்லை.

எங்கள் அறையில் எட்டுப் பேர். அதில் நாகர்கோவில் பக்கத்து எலக்ட்ரீசியன் ஒருத்தன் ஐ.டி.ஐ. படித்தவன். எல்லாரையும் கேலி பண்ணுவான், ஆனால் விவரம் தெரிந்தவன். அவனிடம்தான் மெல்லச் சொன்னேன்.

"கார்டு அவருட்ட இருந்தா என்னலே? அக்கவுண்டு உன் பேருலதான கெடக்கு," என்றான். "பேங்குக்குப் போனப் போட்டு கார்ட அடைக்கச் சொல்லு. புதுக் கார்டு தருவான்."

"அடைச்சா அதுல இருக்குற பணம் போயிராதா?"

அவன் கட்டிலில் விழுந்து சிரித்தான். "லேய் மக்கா, சாவி தொலைஞ்சா வீடு போயிருமா?"

எனக்கு அது உண்மையிலேயே தெரியாது. கார்டுக்குள்தான் பணம் இருக்கிறது, கார்டுதான் பேங்க் என்று ஒன்றரை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பேங்க் நம்பர் கார்டின் பின்னால் இருக்குமாம். கார்டு என்னிடம் இல்லை. மிஷின் மேல் ஒட்டியிருந்த நம்பரை, அண்ணாச்சியின் ஆட்கள் யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கையில் எழுதிக்கொண்டு வந்தேன். போனில் ஒரு பெண் இந்தியில் பேசினாள். பெயர் சரி, கம்பெனி சரி. பிறந்த தேதி என்ன என்றாள். சொன்னேன்.

"தப்பாக இருக்கிறதே."

மறுபடி சொன்னேன். என் பிறந்த தேதி எனக்குத் தெரியாதா? ஆடி மாதம், பெருமழை, மருத்துவச்சி ஆற்றைத் தாண்ட முடியாமல் நின்றது வரை அம்மா சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் மன்னிக்கச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் உறைத்தது. வயசு பத்தாது என்று ஏஜெண்ட் மூன்று வருஷத்தைக் கூட்டி, தேதியையும் மாதத்தையும் தன் இஷ்டத்துக்குப் போட்டு எடுத்த பாஸ்போர்ட் என்னுடையது. பேங்கில் இருப்பது அவர் வைத்த பிறந்த நாள். அது என்ன என்று எனக்கு நினைவில்லை. திரும்பக் கூப்பிட்டு உத்தேசமாக ஒன்றைச் சொன்னேன். அதுவும் தப்பு. இனி போனில் முடியாது, பாஸ்போர்ட்டோடு நேரில் வாருங்கள் என்றார்கள். என் சொந்தப் பிறந்த நாளைச் சொன்னதால் நான் நான் இல்லை என்று ஆகிவிட்டது.

பாஸ்போர்ட் கம்பெனி ஆபீசில். அதைக் கேட்டு வாங்க ஒரு ஃபாரம், காரணம் எழுத வேண்டும். ஆபீஸில் மலையாளி கிளார்க். கார்டு தொலைந்துபோய்விட்டது என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தொலஞ்சு போயோ? அல்லெங்கில் மெஸ்ஸிலோ?"

"ஃபாரம் எங்க சார்?" என்றேன்.

"நிங்ஙட கேம்ப்பில் மட்டும் மாசம் பத்துக் கார்டு தொலயுது," என்று சொல்லிக்கொண்டே ஃபாரத்தை நீட்டினார். "ஒரு நாள். நாளைக்கு அஞ்சு மணிக்கு இந்த மேசைல இருக்கணும். ஆப்சென்ட்டுக்கு ரெண்டு நாள் சம்பளம் கட்டாவும். மனசிலாயோ?"

கட் அடுத்த மாதம்தான் ஆகும் என்பதை மட்டும் இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். ராத்திரி பூரா தூக்கமில்லை. பாஸ்போர்ட்டைப் பஸ்ஸில் தொலைத்தால்? பேங்கில் போலீஸைக் கூப்பிட்டால்? நம்பரை அடுத்தவனுக்குக் கொடுத்தது சட்டப்படி குற்றம் என்று எலக்ட்ரீசியன் வேறு சொல்லியிருந்தான். கார்டோடு அண்ணாச்சி என் பாஸ்போர்ட் காப்பி ஒன்றையும் வாங்கி வைத்திருக்கிறாரே, அதை வைத்துக் கேஸ் கொடுத்தால்? இவ்வளவையும் நினைத்தேன். எதை நினைத்திருக்க வேண்டுமோ அதைத் தள்ளி வைத்தேன்.

தெய்ராவில் பேங்க். ஏ.சி.யில் சட்டை வியர்வை காய்ந்து முதுகில் ஒட்டியது. டோக்கன் நம்பர் வந்ததும் போனேன். கோட்டுப் போட்ட வடக்கத்திப் பெண், கேள்வியே கேட்கவில்லை. பாஸ்போர்ட்டைப் பார்த்தாள், கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினாள். "ஹோ கயா," என்றாள். முடிந்துவிட்டது, இரண்டு நிமிஷத்தில். அவ்வளவுதான். புதுக் கார்டும் புது நம்பரும் தனித்தனிக் கவரில் கம்பெனி ஆபீசுக்கு வருமாம்.

எழுந்திருக்கப் போனவனை நிறுத்தி, "ஸ்டேட்மெண்ட் வேண்டுமா?" என்றாள். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வாளோ என்று தலையாட்டினேன். ஒரு தாள் வந்தது. இங்கிலீஷ் எனக்கு ஓடாது, எண்கள் ஓடும். மூன்று மாதமும் எழுநூற்றைம்பது எழுநூற்றைம்பதாக முழுசாக விழுந்திருந்தது. ஒவ்வொரு மாதமும் முதல் நாள் ஐநூறு. இரண்டு நாள் கழித்து நூறு. ஒரு வாரம் கழித்து இன்னொரு நூறு. கடைசியில் ஐம்பது. கிணற்றில் ஊற ஊற இறைப்பதுபோல. நாங்கள் சைட்டில் இருக்கிற பகல் நேரத்தில், பின்னால் வரிசை இல்லாதபோது, அவர் திரும்பத் திரும்ப வந்து போயிருக்கிறார். அக்கவுண்டில் மூன்று திர்ஹாம் மிச்சம் இருந்தது. அதை மிஷின் தராது.

கோபம் வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. பயம்தான் கூடியது.

சம்பளத்துக்கு ஆறு நாள் இருந்தது. ஆறு நாளும் அவர் மெஸ்ஸில்தான் சாப்பிட்டேன். வேறு எங்கே போவது? ஒருநாள் அண்ணாச்சியே கிட்டே வந்து தட்டில் இன்னொரு மீன் துண்டு போட்டார். "என்னடே, ஆளு மெலிஞ்சு போற? பிள்ள ஞாபகமா? தின்னு." அவர் போகிற வரை அந்த மீனைச் சோற்றுக்குள் மூடி வைத்தேன்.

ஜோடி அண்ணனிடம் நான் சொல்லவில்லை. எதிர்க் கட்டிலில்தான் படுத்திருந்தார். மகள் மூன்றாம் வருஷம் போகப் போகிறாள், அண்ணாச்சிக்கு இன்னும் முந்நூறுதான் பாக்கி, இந்தச் சம்பளத்தோடு கார்டு கைக்கு வந்துவிடும் என்று விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜோடி என்பதை நான் மறக்கவில்லை. ஓடிப்போனால்தானே அவர் தலையில் விழும்? நான் எங்கே ஓடினேன், இதே கட்டிலில்தானே கிடக்கிறேன், வட்டியைக் கையில் கொடுத்துவிட்டால் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவன் அந்த ஒன்றுக்கு மட்டும் தைரியமாக இருந்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் மிஷின் என் பழைய கார்டை விழுங்கியது. அரை மணி நேரத்தில் அண்ணாச்சி எங்கள் அறை வாசலில் நின்றார். சத்தம் போடவில்லை. கையில் ரப்பர் பேண்டு மட்டும் சுற்றியிருந்தது.

"பயலுக்குப் புத்தி வந்துட்டு," என்றார் என்னைப் பார்த்து. "வரட்டும். புத்தி வரணும்லா."

எழுந்து நின்றேன். "அண்ணாச்சி, வட்டிய நான் கையில..."

"நீ பேசாத. உன்ட்ட நான் கேக்கவே இல்லியே." அப்படியே எதிர்க் கட்டில் பக்கம் திரும்பினார். "ஓய், உம்ம கார்டுல எழுநூத்தம்பதயும் எடுத்துட்டேன். உம்ம பாக்கி முந்நூறு கழிஞ்சுது. மிச்சம் உம்ம ஜோடி கணக்குல. அவன் கணக்கு தீருற வரைக்கும் உம்ம கார்டு ஓடும்."

அண்ணன் பாதி மடித்த வேட்டியோடு நின்றார். "அண்ணாச்சி, நான் என்ன பண்ணுனேன்?"

"நீரு ஒண்ணும் பண்ணல. ஜோடின்னா அதான."

போய்விட்டார். எலக்ட்ரீசியன்தான் முதலில் வாய் திறந்தான். "அண்ணே, நீங்களும் நாளைக்கே போயி அடைச்சுப் போடுங்க. இவன் போன வழிதான."

"எனக்கு நாலு மாசத்துல விசா கான்சலாகி ஊருக்குப் போகணும்டா. இந்த நேரத்துல கேஸு கீஸுன்னு எவனாச்சும் எழுதிக் குடுத்தா ஏர்போர்ட்டுல நிறுத்திருவான். எட்டு வருஷம் இருந்துட்டு ஜெயிலுக்கா போகச் சொல்ற?"

கேஸ் எதுவும் வராது என்று அவன் வாதாடினான். அண்ணனுக்கு ஏறவில்லை. எனக்கு ஏறியிருக்குமா என்று கேட்டால் எனக்கும் ஏறியிருக்காது.

பிறகு என்னைப் பார்த்தார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தம்பி."

"சொன்னா வேணாம்பீங்கன்னு..."

"வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்," என்றார்.

வியாழக்கிழமை ஆபீசில் இரண்டு கவரும் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை. காலையில் மிஷினில் கார்டைச் செருகினேன். இரண்டு தடவை நம்பரைத் தப்பாக அழுத்தி, மூன்றாவது தடவை ஒவ்வொரு எண்ணாக வாய்விட்டுச் சொல்லி அழுத்தினேன். எழுநூற்றைம்பது வந்தது. கார்டைக் கொடுத்த இந்த ஒன்றரை வருஷத்தில் என் சம்பளத்தை முழுசாக நான் தொட்டது அன்றைக்குத்தான்.

அண்ணனுக்கு என்னால் போனது நானூற்றைம்பது, அதில் முந்நூற்றைம்பதையாவது கொடுப்போம் என்று தனியாக எடுத்துச் சட்டைப் பையில் வைத்தேன். மிச்சம் நானூறு பேண்ட் பையில். பணம் அனுப்புகிற எக்ஸ்சேஞ்சில் வெள்ளிக்கிழமைக் கூட்டம், வரிசை ரோடு வரைக்கும். ஒரு மணி நேரம் நின்றேன். நிற்க நிற்கக் கணக்குப் போட்டேன். நானூறு அனுப்பினால் ஐயாயிரம் ரூபாய். மூன்று மாதச் சோற்றுக்கு மச்சானுக்குக் கொடுக்க வேண்டியதே அதற்கு மேல். ஐயாயிரத்தைப் பார்த்தால் வேன் போகாமல் நிற்குமா? நிற்காது. ஏறிவிடுவாள். ஒருதடவை ஏறிவிட்டால் கான்ட்ராக்ட் முடிகிற வரை பிள்ளை அம்மா வீட்டில். அண்ணனுக்கு அடுத்த மாதம் கொடுக்கலாம். அவர் மகள் பெரிய பிள்ளை, பால்குடி இல்லை. கவுண்டருக்கு வந்து சேர்ந்தபோது உள்ளே இருந்தவன் "கித்னா?" என்றான். பேண்ட் பையில் இருந்ததை வைத்தேன். அவன் எண்ணிக்கொண்டிருந்தபோதே சட்டைப் பையில் இருந்ததையும் எடுத்து அதன் மேல் வைத்தேன்.

கேம்ப்புக்குத் திரும்பியபோது அண்ணன் பக்கெட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தார்.

"அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேன்ண்ணே."

"எவ்வளவு?"

"எல்லாத்தயும்."

சோப்பு நுரையைக் கையால் தட்டித் தட்டி அமுக்கினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எங்க வீட்டுக்கு நீயே போன் பண்ணிச் சொல்லிரு. எனக்கு வாய் வரல," என்றார்.

சனிக்கிழமை ட்யூட்டி முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒரு போன் கார்டு வாங்கினேன். அறையில் வந்து முதலில் என் வீட்டுக்குப் போட்டேன். வேன் வந்ததாம், நின்றதாம், அவள் வாசலுக்கே போகவில்லையாம். காலையிலேயே பணத்தை எடுத்து வந்து அண்ணி முன்னால் வைத்துவிட்டாளாம். பிள்ளையைப் போன் கிட்டே கொண்டுவந்தாள், அது மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "ஏன் ஒரு மாதிரி பேசுறீங்க?" என்றாள். ஒன்றுமில்லை, தொண்டை கட்டியிருக்கிறது என்றேன்.

அதே கார்டில் மிச்சம் கொஞ்சம் நிமிஷம் இருந்தது. அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தலையணைக்கு அடியில் கையை விட்டு, நம்பர் எழுதிய சீட்டைத் திரும்பாமலே நீட்டினார்.

அவர் மனைவிதான் எடுத்தது. நான் இன்னார் என்று சொன்னேன்.

"அவரு எங்க தம்பி? நல்லாருக்காரா?"

"நல்லாருக்காரு அண்ணி. ட்யூட்டில இருக்காரு." இரண்டடி தூரத்தில் அவர் முதுகு தெரிந்தது. "இந்த மாசம் கம்பெனில சம்பளம் போடல. அதச் சொல்லச் சொன்னாரு."

"பாப்பாவுக்கு திங்கக்கெழம ஃபீஸ் கட்டணுமே." என்றார் அவர். "யாருக்குமே போடலயா?"

"யாருக்குமே போடல அண்ணி."

"உங்களுக்கும் வரலயா?"

"எனக்கும் வரல."

"அடப்பாவமே. உங்க வீட்டுல கைப்பிள்ளய வச்சுக்கிட்டு அந்தப் பிள்ள என்ன பண்ணும்? எங்கிட்ட கொஞ்சம் அரிசி கெடக்கு தம்பி. பஸ்ஸுல குடுத்து விடவா?"

வேண்டாம் அண்ணி, வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அண்ணன் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே, "என்ன சொன்னா?" என்று கேட்டார்.

"சரின்னாங்க," என்றேன்.